அம்மா மாட்டிவைத்த பட்டமளிப்புப் படம்

எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். கறுப்பு அங்கி, தலையில் சதுரத் தொப்பி, கையில் சுருட்டிய பட்டம், உலகத்தையே ஜெயித்துவிட்டதுபோல் என் இளிப்பு. கள்ளக்குறிச்சியில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. அங்கி ஸ்டூடியோக்காரருடையது. கையில் இருப்பது உரக்கடைக் காலண்டரில் கிழித்த தாள். எனக்கு மூன்று பேப்பர் அரியர். அவை இன்றுவரை அப்படியேதான் இருக்கின்றன.

அம்மாவின் நினைவு மலரை என் அசட்டுத்தனத்தில் தொடங்குவதற்கு மன்னியுங்கள். அம்மாவின் பாதி வாழ்க்கை அதைச் சுமப்பதிலேயே போனது.

அம்மா பிறந்தது எலவனாசூர்கோட்டைப் பக்கம். வாக்கப்பட்டு வந்தது மூங்கில்துறைப்பட்டுக்கு. சொந்த நிலம் கிடையாது. பிறர் கழனியில் கரும்பு வெட்டினார். வெட்டு இல்லாத மாதங்களில் கல்வராயன் மலைக்குப் போய் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கினார். நான் ப்ளஸ் டூ படிக்கும்போது அப்பா இறந்துவிட்டார். அந்த வருடமே எனக்கு எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் சீட் கிடைத்தது. கல்விக் கடனுக்கு அம்மா கைநாட்டு வைத்தார்.

"பையன் கட்டலன்னா நீதாம்மா கட்டணும், புரியுதா?" என்றார் பேங்க் மேனேஜர்.

"நானே கட்றேங்க. அவன் படிக்கட்டும்" என்றார் அம்மா.

நான் மேலே பார்த்து, அந்த ஃபேன் ஏன் இப்படி முனகுகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வரக்கூடிய இன்ஜினியரிங் அவ்வளவுதான் என்பது நாலு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

கடைசிப் பரீட்சை முடிவு தெரிந்து நான் ஊருக்கு வந்ததும் அம்மா கேட்டார்: "பாஸாடா?" கரும்புச் சோகை கிழித்து அவர் கையெல்லாம் கோடுகோடாக இருந்தது. "பாஸும்மா" என்றேன். மறுநாள் ஸ்டூடியோவுக்குப் போனேன்.

பயம் அன்று ஆரம்பித்தது. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் பயம். கூடப் படித்தவன் எவனாவது வீட்டுக்கு வந்தால் பயம். சொந்தக்காரர்கள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் பி.இ. என்று போட்டால் அதற்கும் பயம். தியாகதுருகத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்தேன். என் கடை வருமானத்திலும் அம்மாவின் கரும்புக் கூலியிலுமாகப் பல வருடங்களில் கடன் தீர்ந்தது. பயம் மட்டும் தீரவில்லை.

போன வருடம் என் மகள் இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு விண்ணப்பம் போட்டாள். அம்மா அப்போதே மூச்சிரைப்பில் படுத்திருந்தார். மகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து புலம்பினாள்.

"குடும்பத்துல யாரும் டிகிரி முடிக்கலன்னா முதல் பட்டதாரி சர்ட்டிபிகேட் தராங்க ஆயா. ஃபீஸ் கம்மியாவும். எனக்குத்தான் கெடையாது. அப்பா பி.இ. ஆச்சே."

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சலுகை அவளுக்குச் சேரவேண்டியது. நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொல்லவில்லை. "மொத்தத்துக்கும் லோன் போட்டுக்கலாம்" என்றேன். என் பொய்யைக் காப்பாற்ற மகள் தலையில் கடன் ஏற்றத் துணிந்த அந்த நிமிடத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் பயமாக இருக்கிறது.

அம்மா தலையைத் திருப்பினார். "எதுக்குடா லோனு? நீதான் பாஸே பண்ணலியே."

பிசைந்த சோறு கையிலேயே நின்றது.

"அது காலண்டர் தாளு. ஓரத்துல ஞாயித்துக்கெழம செவப்பா தெரியுது. எனக்கு எழுத்துதான் தெரியாது, செவப்பு கூடவா தெரியாது?"

மகள் நாற்காலியில் ஏறிப் பார்த்தாள். சுருளின் ஓரத்தில் சிவப்பாக ஒரு பதினேழு.

"தெரிஞ்சும் ஏம்மா மாட்டி வெச்ச?"

"நீ பயந்துக்கினு இருந்த. கேட்டா இன்னா பண்ணிக்குவியோன்னு எனக்கு பயம். அந்த வருஷம் பூரா நீ கெணத்துப் பக்கம் போனா பின்னாடியே வந்துக்கினு இருந்தேன். பட்டம் போவட்டும், புள்ள இருக்கட்டும்னு வுட்டுட்டேன்."

அம்மா துணி துவைக்க வருகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

முதல் பட்டதாரிச் சான்றிதழ் கிடைத்தது. மகள் கல்லூரியில் சேர்ந்த இரண்டாம் வாரம் அம்மா போய்விட்டார்.

கடைசி மாதங்களில் அம்மாவை முறை வைத்துப் பார்த்துக்கொண்ட, அவரோடு கரும்பு வெட்டிய பெண்களுக்கும், ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஓட்டியவருக்கும், ஊசி போட வீடு தேடி வந்த நர்ஸம்மாவுக்கும் எங்கள் கும்பிடு. படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. பக்கத்தில் அம்மா படத்தை மாட்டியிருக்கிறோம்.

சலுகை போக, விடுதிக்கு லோன் தேவைப்பட்டது. கருமாதி முடிந்த வாரம் மகளோடு பேங்குக்குப் போனேன். அம்மா கைநாட்டு வைத்த இடத்தில் இப்போது நான் கையெழுத்துப் போட வேண்டும். படித்தால் வேலை கிடைக்குமா என்று என்னைக் கேட்காதீர்கள். என் கடையில் காயில் சுற்றுகிறவர் எல்லா பேப்பரும் பாஸ் செய்த நிஜ பி.இ. பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினேன். மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நான் ஃபெயிலானா வூட்டுக்கு வந்து சொல்லிடுவேம்பா. உன்ன மாதிரி போட்டோ எடுத்துக்கினு வர மாட்டேன். கையெழுத்தப் போடு."