அமிலத்தில் ஊறாத போத்தல்

குணரத்தினம் யாழ்ப்பாணத்தில் எட்டு ஆண்டுகள் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு இரசாயனம் கற்பித்தவர். 2006இல் கனடாவில், மொன்றியலுக்குப் பக்கத்து லொங்குய்யில் ஒரு பால் பரிசோதனைக்கூடத்தில் போத்தல் கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய பட்டம் இங்கே செல்லாதாம். ஈயத்தையும் துத்தநாகத்தையும் அளக்கும் இயந்திரத்தின் முன்னால் சென்னைப் பையன் ராகவ் உட்கார்ந்திருந்தான். வயது இருபத்தைந்து, மொன்றியலில் வாங்கிய பட்டம். ஒரு மனிதனின் மூளையைக் குப்பையில் போட்டுவிட்டுக் கைகளை மட்டும் வேலைக்கு எடுத்தால், மிச்சமிருக்கும் வயிறு எரியத்தானே செய்யும்?

உலோகம் அளக்கும் போத்தலை, ஒட்டியிருக்கும் உலோகம் போக, ஒரு நாள் முழுக்க அமிலத்தில் ஊறவைக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை குணரத்தினம் ஒரே ஒரு போத்தலை ஊறவைக்கவில்லை. பழைய கட்டடத்தின் ஈயக் குழாய்த் தண்ணீரை அதில் நிரப்பிவைத்து, ஊற்றி, காயவைத்து, மற்றவற்றோடு அடுக்கினார். அளவு பிசகும், மேலாளர் முன்னால் பொடியன் முழிப்பான். அவ்வளவுதான் எண்ணம்.

வியாழக்கிழமை ராகவ் காகிதத்தோடு வந்தான்.

"அண்ணா, இந்தத் தயிர்ல புரதம், கால்சியம் எல்லாம் சூப்பர். ஈயம்தான் எகிறுது. ரொக்ஸ்பரோல திரேசம்மான்னு ஒருத்தங்க தமிழ்க் கடைங்களுக்குப் போடறாங்களாம். ரிப்போர்ட் போனா அவங்க தொழில் அவ்ளோதான்."

சற்று முன்புதான் திரேசம்மாவின் தயிரைச் சோற்றில் பிசைந்து தின்றிருந்தார் குணரத்தினம்.

"திரும்ப ஒருக்கா செய்து பாத்தனீரோ?"

"எதுக்குண்ணா? மெஷின் சரியா இருக்கு. பாட்டில் நீங்க கழுவினது. இந்த லேப்ல நான் கண்ண மூடிட்டு நம்பறது அத மட்டும்தான்."

அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

"நில்லும் தம்பி. அந்தப் போத்தல் அமிலத்திலை ஊறேல்லை."

"மறந்துட்டீங்களா?"

ஓம் என்று சொல்லித் தப்பியிருக்கலாம்.

"மறக்கேல்லை. உம்மிலை எரிச்சல். அதை அனுப்பாதையும்."

ராகவ் வேறு போத்தலில் மறுபடி அளந்தான். அளக்கும் அளவுக்கு ஈயம் இல்லை. குணரத்தினம் தானே போய் மேலாளரிடம் சொல்லி, எச்சரிக்கைக் கடிதம் ஒன்றை வாங்கிக்கொண்டார். திரேசம்மாவின் தயிர் வழக்கம்போலக் கடைகளுக்குப் போனது. அறிக்கையின் அடியில் ராகவின் கையொப்பம்.

திங்கட்கிழமை ராகவ் கழுவும் தொட்டியருகே வந்து நின்றான்.

"இன்னைக்கும் என் மேல எரிச்சலாண்ணா?"

"கிடக்குது," என்றார் குணரத்தினம், நிமிராமல். "போத்தல் எல்லாம் அமிலத்திலைதான் கிடக்குது. எண்ணிப் பாரும்."