பட்டியலில் இல்லாத வேலை

எங்கள் வீட்டில் சோம்பேறி என்று ஒருத்தி உண்டென்றால் அது நான்தான். சோம்பேறி என்பதுகூட முழுக்கச் சரியில்லை. வேலை செய்ய எனக்குப் பிடிக்கும், இன்றைக்கே செய்யத்தான் பிடிக்காது. தில்லியில் கோல் மார்க்கெட் பக்கம், அரசுக் குடியிருப்பில் எங்களுக்கு இருந்தது இரண்டு அறையும் ஒரு வராந்தாவும். அதில் பாதி இடத்தை என்னுடைய 'நாளைக்கு'கள் அடைத்துக்கொண்டிருந்தன. அட்டை போடாத நோட்டுகள், பித்தான் தைக்காத ஸ்வெட்டர், கோடை விடுமுறைக்குக் கொடுத்துத் தீபாவளி வரை முடியாத வீட்டுப்பாடம். அப்போது நான் ஆறாம் வகுப்பு.

அம்மா எனக்கு நேர் எதிர். குழாயில் தண்ணீர் ஐந்தரைக்கு வரும் என்றால் ஐந்து இருபதுக்கே வாளியோடு நிற்பாள். ஏழு மணிக்குள் சமையல் முடிந்துவிடும். எட்டு மணிக்குச் சேலைக்குக் கீழே கான்வாஸ் ஷூ, மேலே ஸ்வெட்டர், கையில் கடிகாரம் என்று கிளம்பிவிடுவாள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது ஹிந்தியில் ஒரு வார்த்தை தெரியாதவள், அந்த வருஷம்தான் பக்கத்து நர்சரிப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நான்கு வயதுக் குழந்தைகள் இருபது பேர் அவளை 'மேடம்ஜி' என்று கூப்பிட்டார்கள். சாயங்காலம் எங்கள் முன்னால் அவர்கள் மாதிரி நடித்துக் காட்டிச் சிரிப்பாள்.

சமையலறைச் சுவரில் ஓர் ஆணி. அதில் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தைக் குத்தி வைத்திருப்பாள். மறுநாள் செய்ய வேண்டியதெல்லாம் அதில் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும். செய்ய மிகவும் கசக்கிற வேலை முதல் வரியில் இருக்கும். முடித்ததும் ஒரு கோடு இழுப்பாள். பள்ளியில் தமிழ் இல்லாத எனக்குத் தமிழ் எழுத்து வந்ததே அந்தத் தாள்களில்தான். நான் எழுத்துக்கூட்டி வாசித்த முதல் வார்த்தை 'துவரம்பருப்பு'.

என்னைத் திருத்த அம்மா பண்ணாத வித்தை இல்லை. சார்ட் பேப்பரில் கலர் கலராக டைம்டேபிள் போட்டு ஒட்டினாள். நானும் ஆசையாகப் பக்கத்தில் பூ வரைந்தேன், அதோடு சரி. "அஞ்சே அஞ்சு நிமிஷம் உக்காந்து செய்யிட்டி. பிடிக்கலன்னா எந்திச்சுப் போயிரு" என்பாள். உட்கார்ந்தால் தானாக வேலை ஓடிவிடும் என்பது அவளுடைய நம்பிக்கை. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து, சரியாக ஐந்தாவது நிமிஷம் எழுந்து போனேன். "ஷூவுக்குப் பாலிஷ் போட்டியா?" என்று கேட்டால், "கல் பக்கா, அம்மா" என்பேன். நாளைக்குக் கட்டாயம் என்று அர்த்தம். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த ஜனவரியில் பெரியப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. அப்பாவைப் படிக்க வைத்து ஆளாக்கியவர் திருநெல்வேலியில் இருந்த இந்தப் பெரியப்பாதான். அண்ணன் சொன்னால் அப்பாவிடம் மறுபேச்சு கிடையாது. அப்பாவின் அலுவலகம் திருநெல்வேலியில் ஒரு கிளை திறக்கப்போகிறதாமே, மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து சேருங்கள், மாடி அறையை வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன் என்று எழுதியிருந்தார். வெள்ளையடிப்புவரை போன பிறகு என்ன செய்வது? அப்பா மறுநாளே படிவத்தைக் கொண்டுவந்து நிரப்பிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். அம்மாவிடம், "என்ன சொல்லுத?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார். "நான் என்ன சொல்ல இருக்கு? உங்க அண்ணன் கூப்பிடுதாங்க" என்று சொல்லிவிட்டு அம்மா சப்பாத்தியைத் திருப்பிப் போட்டாள்.

எனக்குச் சந்தோஷம். பெரியப்பா வீட்டுக்கு ஒவ்வொரு மே மாதமும் போவோம். ஏழெட்டுப் பிள்ளைகள், மாடி, கிணறு, என்ன வேண்டுமானாலும் பண்ணலாம். அம்மாவுக்கு அங்கே எப்படி இருக்கும் என்று நான் யோசித்ததில்லை. போய் இறங்கியதும் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடுவாள். அங்கே அவள் பட்டியலும் எழுதுவதில்லை. அடுத்த வேலை என்னவென்று சொல்ல அந்த வீட்டில் எப்போதும் யாராவது இருந்தார்கள்.

படிவத்தோடு, பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்று பள்ளியிலிருந்து ஒரு சான்றிதழ் வைக்க வேண்டும். அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் எல்லாம் அலுவலகத்தில் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பிறகு வாங்கமாட்டார்கள். சனி, ஞாயிறு பள்ளி கிடையாது என்பதால் வெள்ளிக்கிழமைக்குள் சான்றிதழ் கைக்கு வந்தாக வேண்டும். என் பள்ளிக்கூடம் சம்பந்தப்பட்ட காரியம் எல்லாம் அம்மா கையில்தான். அவள் வேலை பார்க்கும் நர்சரியும் அதே சாலையில்தான் இருந்தது. அந்த முறை மட்டும், அப்பா எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தை வாங்கி நான்காக மடித்து என் ஜியாமெட்ரி பெட்டிக்குள் வைத்தாள்.

"இவகிட்டயா குடுக்க?" என்று அப்பா பதறிவிட்டார்.

"பொறுப்பு வரணும்லா? ஆபீஸ் ஜன்னல்ல குடுத்து வாங்கிட்டு வர வேண்டியதுதான. அவளே வாங்கிட்டு வருவா."

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு ரோஷமாகிவிட்டது. பெரிய மனுஷிபோல, "நான் வாங்கிட்டு வர்றேன் அப்பா, பக்கா" என்றேன்.

அன்று திங்கட்கிழமை காலை. முழுதாக ஐந்து நாள் இருந்தது. ஐந்து நாள் கையில் இருக்கும்போது முதல் நாளே போய் ஜன்னலில் நிற்பவள் நான் இல்லை. அந்த ஜன்னலுக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருப்பார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகத்தான் பிள்ளைகளைப் பார்ப்பார். செவ்வாய்க்கிழமை வரிசை நீளமாக இருந்தது. புதன்கிழமை அவர் டப்பாவைத் திறந்து பராட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார், தொந்தரவு பண்ண வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். வியாழக்கிழமை எங்கள் வகுப்புக்கு கோ-கோ ஆட்டம். அது என்னால் தள்ளிப்போட முடியாத விஷயம்.

ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றமாட்டேன். நேரே சமையலறைக்குப் போய் ஆணியில் தொங்கும் தாளை வாசிப்பேன். பால், தோபி, ஸ்வெட்டர் பித்தான், மிளகாய்ப்பொடி. சான்றிதழ் இருக்காது. அப்பாடா என்றிருக்கும். அம்மாவும் வழக்கம்போல ஷூவைக் கேட்டாள், டைரியைக் கேட்டாள், நகம் வெட்டினாயா என்றுகூடக் கேட்டாள். அதை மட்டும் கேட்கவில்லை. நர்சரியில் வேலை அதிகம்போல, பாவம், மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். வியாழக்கிழமைத் தாளில் முதல் வரி 'கேரட் 2 கிலோ'. அதன்மேல் கோடு இழுத்திருந்தது.

வெள்ளிக்கிழமை இடைவேளையில் ஜன்னலுக்குப் போனேன். குமாஸ்தா விண்ணப்பத்தைப் பிரித்தார். ஐந்து நாளில் அது சமோசா சுற்றின காகிதம்போல ஆகியிருந்தது. "அரே பேட்டா, பிரின்சிபல் மேடம் கையெழுத்துப் போடணும். மண்டே சாம் கோ ஆனா" என்றார். திங்கட்கிழமை சாயங்காலம் வா என்கிறார். எங்கள் கெடு திங்கட்கிழமை காலை. என்னென்னவோ சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன். நான் நினைத்திருந்த அளவுக்கு அவர் கெட்டவர் இல்லை. செவ்வாய்க்கிழமையே வந்திருக்கலாமே என்று அன்பாகத்தான் கேட்டார்.

பள்ளி விட்டு இரண்டு மணிக்கு அழுதுகொண்டே வீடு வந்தேன். வாசலிலேயே நெய்யும் ஏலக்காயும் மணத்தன. தில்லிக் குளிர்காலத்துச் சிவப்புக் கேரட்டில் அம்மா அல்வா கிளறிக்கொண்டிருந்தாள். கெட்டியாகி, ஓரமெல்லாம் நெய் விட்டிருந்தது. நான் அடுப்புப் பக்கத்தில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். வரிசை, பராட்டா, கோ-கோ, எதையும் மறைக்கவில்லை. அம்மா கரண்டியை நிறுத்தவே இல்லை.

"திங்கக்கிழமை சாயங்காலமா வரச் சொன்னாரு?"

"ம்."

"சரி, விடு. கைகால் கழுவிட்டு வா. சூடா சாப்பிடு."

ஒரு திட்டு இல்லை. முகம் கழுவிக்கொண்டு வந்ததும் ஒரு கிண்ணம் நிறைய அல்வா வைத்து, என் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். எனக்கு இன்னும் அழுகை வந்தது. இவ்வளவு நல்ல அம்மாவுக்கு இப்படி ஒரு பெண்ணா என்று உண்மையாகவே நினைத்தேன்.

ஆறரை மணிக்கு அப்பா வந்தார். அவரிடமும் நானே சொல்ல வேண்டியிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா மாலைத் தண்ணீர் பிடித்த வாளியை மூடிக்கொண்டிருந்தாள். "நான் அப்பவே சொன்னேன், இவகிட்டயா குடுக்கன்னு" என்றார் அப்பா, ஆனால் குரலில் சூடு இல்லை. "சரி, அண்ணனுக்கு எழுதிப் போட்டிருதேன். பிள்ளை மறந்துட்டான்னு." பிறகு அல்வா கேட்டார். திருநெல்வேலிக்காரரான அவருக்குக் கேரட்டில் செய்தது அல்வாவே கிடையாது, எப்போதும் தொடமாட்டார். அன்றைக்கு இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு அந்தக் கிளைக்கு ஆள் கேட்கவில்லை. நாங்கள் தில்லியிலேயே இருந்துவிட்டோம். அம்மா நர்சரியில் இருபத்துச் சொச்சம் வருஷம் வேலை பார்த்தாள். ஊரில் எனக்குப் பெரிய பேர் கிடைத்தது. ஒவ்வொரு மே மாதமும் பெரியப்பா வந்தவர் போனவருக்கெல்லாம் என்னைக் காட்டி, "எந்தம்பி டெல்லியிலேயே கிடக்கது இந்தச் சோம்பேறிக் கழுதையாலதான்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாவும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள். எனக்குக் கொஞ்சம் வலித்தாலும் செய்த தப்புக்கு இது வேண்டியதுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

போன குளிர்காலத்தில்தான் நான் முதன்முதலாகக் கேரட் அல்வா செய்தேன். மகள் கேட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. இரண்டு கிலோ துருவவே எனக்கு ஒன்றேகால் மணி நேரம். பால் சுண்ட அதைவிட அதிகம். கரண்டியும் கையுமாக நின்று கடிகாரத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அம்மா நர்சரியிலிருந்து வீடு வந்து சேர்வது பன்னிரண்டரைக்கு. நான் வந்தது இரண்டு மணிக்கு. என்னதான் அவள் கை வேகம் என்றாலும், விடியும் முன்பே துருவி வைத்திருக்க வேண்டும். கேரட்டை வாங்கியது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை என்ன ஆகும் என்று எனக்கே தெரியாதபோது, அந்த வீட்டில் ஒருத்திக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை இருந்திருக்கிறது.

அம்மா இப்போதும் தில்லியில்தான் இருக்கிறாள், சேலைக்குக் கீழே ஷூவோடு. ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பேசிக்கொள்கிறோம். அந்த விண்ணப்பத்தை ஏன் என்னிடம் கொடுத்தாய் என்று கேட்டால் சொல்லிவிடுவாள். ஒவ்வொரு தடவையும் வாய்வரை வந்துவிடுகிறது. அடுத்த வாரம் கேட்டுக்கொள்ளலாம் என்று வைத்துவிடுகிறேன்.