லாஸ்ட் நேம் கேட்காத விண்ணப்பம்

விரல்கள் விசைப்பலகையைக் குத்திக்கொண்டிருந்தன. ஒரு வரியை அழித்தன, சேமித்தன, பக்கத்தைத் திரும்பத் திறந்தன. திரையில் சப்மிட் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ரீசெட் பொத்தான் காணாமல் போனது. அந்த விரல்கள் அதை நீக்குவது முதல் தடவையல்ல. நீக்கிவிட்டு டீ குடிக்கப் போய்த் திரும்புவதற்குள் யாரோ அதை மறுபடி கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். யாரோ என்ன யாரோ, முதலாளி பிரேம்குமார்தான்.

ரெட்டியார்பாளையத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் இயங்கியது அந்த வெப் டிசைன் கம்பெனி. 2006 மே மாதம். மின்விசிறி அனல்காற்றைத்தான் தள்ளிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த விரல்களின் சொந்தக்காரி தனக்கொடிக்கு உள்ளே கொதித்ததற்கு வெயில் காரணமில்லை. அவள் முன்னால் திறந்திருந்தது ஒரு நர்சிங் கல்லூரியின் விண்ணப்பம். போன வருஷம் அவள் தங்கை பாக்கியலட்சுமியின் படிப்பைத் தின்ற அதே விண்ணப்பம்.

பாக்கியலட்சுமி நல்ல மார்க். விண்ணப்பம் முதல் கட்டத்தில் ஃபர்ஸ்ட் நேம் கேட்டது, அடுத்த கட்டத்தில் லாஸ்ட் நேம் கேட்டது. மார்க் ஷீட்டில் இருக்கிறபடி 'வி' என்று அடித்தாள். மூன்று எழுத்தாவது வேண்டும் என்று சிவப்பில் திட்டியது. எதையாவது போட்டால்தானே விடும், அப்பா பெயரைப் போட்டாள். நேர்காணல் பட்டியலைக் கல்லூரி வாசலில் ஒட்டியபோது பி எழுத்தில் தேடினாள், இல்லை. கம்ப்யூட்டர் லாஸ்ட் நேம் வரிசைப்படி அடுக்கி, அவள் பெயரை ஒற்றை எழுத்தாகச் சுருக்கி, 'வடிவேல் பி' என்று கீழே அச்சடித்திருந்தது. அதை அவள் பார்க்கவும் செய்தாள்.

"எவனோ ஒரு பையன்னு நெனச்சிட்டேன்க்கா. பிரண்டு கிட்டகூட சொன்னேன், பாரு, ஆம்பளைங்கல்லாம் நர்சுக்கு வர்றாங்கன்னு."

நேர்காணல் முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் விஷயம் புரிந்தது. இப்போது தட்டாஞ்சாவடியில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பாட்டில் மூடிகளைப் பொறுக்கிப் பிரிக்கிறாள். பிளஸ் டூ முடித்து ஓராண்டுக்கு மேல் ஆனவர்களைக் கல்லூரி எடுப்பதில்லை. இந்த வருஷம் விட்டால் கிடையாது. இதற்கிடையில் கல்லூரி புதிதாக ஒரு அறிவிப்பு வேறு போட்டிருந்தது: பெயர் மார்க் ஷீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும், இல்லையென்றால் விண்ணப்பம் தள்ளுபடி. மார்க் ஷீட்டில் இருப்பதோ ஒற்றை எழுத்து. அதை அடித்தால் பழைய விண்ணப்பம் விடாது, அப்பா பெயரை அடித்தால் கல்லூரி விடாது. இப்படி ஒரு பொறியை வேண்டுமென்று யோசித்துக்கூட யாரும் செய்ய முடியாது.

"இன்னா தனக்கொடி, ரீசெட்ட மறுபடி தூக்கிட்டியா?" பிரேம்குமார் பின்னால் வந்து நின்றார்.

"ஆமா சார்."

"சப்மிட் இருந்தா ரீசெட் இருக்கணும்மா. ஜோடி. ஊர்ல எல்லா சைட்லயும் இருக்கு."

"எழுதினத மொத்தமா அழிக்கணும்னு எவனாவது வருவானா சார்? பிரவுசிங் சென்டர்ல காத்துக் கெடந்து, ஒவ்வொரு எழுத்தா தேடித்தேடி அடிச்சு, கடைசில கை தவறி அதும்மேல பட்டா எல்லாம் போச்சு."

"கை ஏன் தவறுது?"

"ஒட்டி வச்சா தவறாம?"

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். "லாஸ்ட் நேம் எங்க?"

"ஒரே கட்டம்தான். மார்க் ஷீட்டுல இருக்கற மாதிரி எழுதுங்கன்னு மேல போட்டுட்டேன்."

"இது பாரிஸ் பார்ட்டிக்குப் பண்ண டெம்ப்ளேட்டு. அங்க பிரெஞ்சுல நோம், ப்ரேனோம்னு பேருக்கு ரெண்டு கட்டம். எவ்ளோ டீசன்டா இருந்துது."

"அங்க அவங்களுக்குக் குடும்பப் பேரு இருக்கு சார். நமக்கு அப்பா பேருல ஒரு எழுத்துதான. உங்க இனிஷியல் இன்னா?"

"கே."

"அத பழைய பாரத்துல அடிச்சுப் பாருங்க. சேத்துக்காது. மூணு எழுத்து கேக்கும்."

"கேகேகேன்னு அடிச்சுட்டுப் போறேன்," என்று சிரித்தார் பிரேம்குமார். தனக்கொடி சிரிக்கவில்லை. அவர் முகத்தை மாற்றிக்கொண்டார். "சும்மா தங்கச்சி கதையவே புடிச்சுட்டுத் தொங்காத. பாக்கவும் நல்லால்ல, ரேஷன் கார்டு மாதிரி கெடக்கு. நான் போட்ட கருப்பு பேக்ரவுண்டு, மஞ்சள் எழுத்து எல்லாம் எங்க?"

தனக்கொடி பல்லைக் கடித்துக்கொண்டாள். காலாப்பட்டு பஸ் நிறுத்தத்தில் தல்ஹாவின் பிரவுசிங் சென்டரில் வருஷக்கணக்காக மற்றவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவள் அவள். அங்கேதான், ஒவ்வொரு பக்கத்தின் பின்னால் உள்ள நிரலையும் திறந்து திறந்து படித்து, இந்தத் தொழிலைத் தானாகவே கற்றாள். அங்கிருந்த பழைய மானிட்டர்களில் கருப்பின்மேல் மஞ்சள் எழுத்து சேற்றில் சிந்திய சாம்பாராகத்தான் தெரியும். அவள் வெள்ளைப் பின்னணி வைத்து, கேள்வியைக் கட்டத்துக்கு மேலேயே எழுதி, எல்லாவற்றையும் இடது ஓரத்தில் ஒரே நேர்க்கோட்டில் நிறுத்தியிருந்தாள். பின்கோடுக்குக் குட்டிக் கட்டம், முகவரிக்கு அகலக் கட்டம். தப்பு செய்தால் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே என்ன தப்பு என்று ஒரு வரி. தலைப்பின் கீழே மட்டும், கல்லூரிச் சீருடையின் வெளிர்பச்சையில் ஒரு கோடு. அந்தப் பச்சை சரியாக வர அரை நாள் உட்கார்ந்திருந்தாள். அதைப் போய் ரேஷன் கார்டு என்கிறார்.

"நான் காரைக்கால்ல கல்யாணத்துக்குப் போறேன். அந்த ரெண்டு கட்டத்தையும் ரீசெட்டையும் திரும்ப வச்சு, சிடில போட்டு, நாளைக்குக் காலேஜ்ல சக்கரபாணி சார் கிட்ட குடுத்துடு," என்று சொல்லிவிட்டுப் பிரேம்குமார் படியிறங்கினார்.

தனக்கொடி எதையும் திரும்ப வைக்கவில்லை. விண்ணப்பத்தைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு அன்று சாயங்காலம் காலாப்பட்டுக்கு பஸ் ஏறினாள். தல்ஹா ஒரு கம்ப்யூட்டரைக் காலி செய்து கொடுத்தான். அங்கே பரீட்சை முடிவு பார்க்க வந்திருந்த ஒரு பெண்ணை உட்காரவைத்து நிரப்பச் சொன்னாள். தான் பின்னால் போய்க் கைகளை முதுகில் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இன்னாக்கா, ஹெட்மாஸ்டர் மாதிரி ரவுண்ட்ஸா?" என்றான் தல்ஹா.

"கை முன்னாடி இருந்தா எங்க அடிக்கணும்னு காட்டிடுவேன். நீ வாய மூடு."

அந்தப் பெண் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவள். பெயரை மடமடவென்று அடித்தாள், அடுத்த வரிக்குப் போகிற பழக்கத்தில் என்டரைத் தட்டினாள். விண்ணப்பம் பாதியிலேயே கிளம்பிப் போய், எல்லாக் கட்டமும் காலி என்று சிவந்து திரும்பி வந்தது. சூடு பட்டவள்போல் அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"நான் எதனா கெடுத்துட்டேனாக்கா?"

தனக்கொடிக்குச் சுருக்கென்றது. தானும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வரி முடிந்ததும் அடுத்த வரிக்குத் தள்ளிப் பழகியவள்தான். பிரேம்குமாரைத் திட்டிக்கொண்டிருந்த வேகத்தில் இதைக் கோட்டைவிட்டிருக்கிறாள். "நீ ஒண்ணும் கெடுக்கல. நான்தான்," என்று சொல்லி, அங்கேயே உட்கார்ந்து, என்டர் தட்டினால் அடுத்த கட்டத்துக்குப் போகும்படி எழுதினாள். அந்தப் பெண் மறுபடி ஆரம்பித்து, ஒரு கேள்விகூடக் கேட்காமல் கடைசிவரை போனாள். தனக்கொடி அதைச் சிடியில் பதிந்துகொண்டாள்.

மறுநாள் கல்லூரி அலுவலகத்தில் மேலாளர் சக்கரபாணி அதைத் தன் கம்ப்யூட்டரில் போட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

"லாஸ்ட் நேம் காணுமே."

"எடுத்துட்டேன் சார். மார்க் ஷீட்டுல எப்படியோ அப்படியே எழுதுவாங்க. லிஸ்டும் அதே பேருலதான் வரும்."

"பிரேம்குமாருக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதையும் ரீசெட் பட்டனையும் திரும்ப வைக்கச் சொன்னாரு. நான் வைக்கல. தெரிஞ்சா வேலைய விட்டுத் தூக்கினாலும் தூக்குவாரு."

சக்கரபாணி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அவர் சொன்னத நீ எதுக்கும்மா மாத்தணும்?"

"போன வருஷம் நேர்காணலுக்கு எல்லாரும் வந்தாங்களா சார்?"

"எங்க வந்தாங்க? பாதிக்குமேல வரல. சீட்டு காலியா கெடந்து, சேர்மன் கிட்ட நான்தான் பாட்டு வாங்கினேன். வேற காலேஜ் போய்ட்டாங்கன்னு நெனச்சோம்."

"எங்கயும் போகல. உங்க கேட்டுலதான் நின்னாங்க. லிஸ்டுல அவங்க பேரு இல்ல, அவங்க அப்பன் பேருதான் இருந்துது. எந்தங்கச்சி இப்ப மூடி பொறுக்கறா சார்." குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவள் தணிக்கவில்லை.

சக்கரபாணி விசைப்பலகையை இழுத்தார். முதல் கட்டத்தில் தன் பெயரை இனிஷியலோடு அடித்தார். விண்ணப்பம் மறுப்பில்லாமல் வாங்கிக்கொண்டது. இன்னும் கொஞ்சம் கீழே போய்ப் பார்த்துவிட்டு, சிடியை வெளியே எடுத்து அவளிடமே நீட்டினார்.

"மேல உன் பேரையும் போன் நம்பரையும் எழுதிக் குடு. சந்தேகம் வந்தா உனக்கே பண்றேன், அவருக்குப் பண்ணல."

மார்க்கரால் 'வ. தனக்கொடி' என்று எழுதினாள். மை காயும்வரை ஊதினாள்.

"இந்தாங்க சார். எவனாவது அந்த ரீசெட்ட திரும்பக் கொண்டாந்து வச்சா, நான் திரும்ப வருவேன்," என்று சொல்லி அவர் கையில் கொடுத்தாள்.