தண்ணீர் புளித்த காலை

இன்று காலை ஒன்பது மணிக்கு என் தங்கை ஹட்டனில் ரயில் ஏறினாள். ஒப்பந்தப்படி அனுப்புகிறார்கள்; தலைமன்னார் போய்க் கப்பலில் இந்தியா. இனித் திரும்பி வரமாட்டாள்.

நான் அக்கரப்பத்தனையில், தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில், மீன்தொட்டிக்கு முன்னால் நின்றிருந்தேன்.

கொழும்பிலிருந்து வந்த கடல் தண்ணீர், பவளப்பாறை, வண்ண மீன்கள். தினமும் ஒரு கிளாஸ் தண்ணீர் எடுத்து மருந்துச் சொட்டு விட்டுப் பார்ப்பது என் வேலை. நீலமானால் நல்லது. பச்சையானால் தண்ணீர் புளிக்கிறது, மீன் செத்துவிடும்.

தங்கையை வழியனுப்ப லீவு நேற்றே கிடைத்திருந்தது. இன்று விடிந்ததும் பச்சை.

"மீன் சரியாகாம நீ போக வாணாம்," என்றார் துரைசாணி.

ஆப்பச் சோடாவைக் கரைத்துக் கொஞ்சங்கொஞ்சமாக ஊற்றினேன். நீலமாகி, மறுபடி பச்சை. ஹட்டனுக்கு ஏழு மணி பஸ் போகும் சத்தம் கேட்டது.

சமையல்கார அந்தோனி அண்ணன் தேத்தண்ணியோடு உள்ளே வந்து இருமினார்.

"என்னப்பா இது? குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் சாத்திட்டு நெருப்பு போட்டு வச்சிருக்காங்க. நமக்கே மூச்சு முட்டுது, மீனுக்கு முட்டாதா?"

அந்தக் கெட்ட காற்று கரைந்துதான் தண்ணீர் புளிக்கிறதோ? துரைசாணி திட்டினால் திட்டட்டும் என்று ஜன்னல்கள் இரண்டையும் திறந்தேன். பனி உள்ளே வந்தது. பத்தரை மணிக்குச் சொட்டு விட்டேன். நீலம். அப்புறம் மாறவே இல்லை.

துரைசாணி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து பார்த்தார். "குட். இப்ப நீ போ."

எங்கே போவது?

தங்கைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். வழியனுப்ப வராததற்குத் தண்ணீர் புளித்ததுதான் காரணம் என்றால் எந்தத் தங்கை நம்புவாள்? வேறு நல்ல பொய் இருந்தால் சொல்லுங்கள்.