பாய்மரத்தடி ரூபாயில் நான் வைத்த கத்தரி

மிக்கேல் தண்டல் கொண்டுவந்த ரூபாயில் கத்தரியை வைத்த அன்றுதான் சராப்பு வேலை என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்தது. அதற்கு முன் ஒன்பது வருஷம் அதே வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சராப்பு என்றால், பாங்கிக்கு வரும் காசைத் தட்டிப் பார்த்து நல்லது கெட்டது பிரிக்கிறவன். தூத்துக்குடிக் கடற்கரையை ஒட்டி எங்கள் பாங்கி. எட்டாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. காது மட்டும் செந்தூர் முருகன் போட்ட பிச்சை.

கள்ளக்காசு பார்க்கும் விதம்

யுத்த காலத்தில் வந்த புது ரூபாயில் வெள்ளி பாதிதான் என்று ஊருக்கே தெரியும். அதனால் விக்டோரியா ராணி தலை போட்ட பழைய ரூபாய்க்கு மவுசு ஏறியது. மவுசு ஏறினால் கள்ளனும் செய்யத்தானே செய்வான்? பழைய கள்ளக்காசுகளும் பெட்டியடியிலிருந்து வெளியே வந்தன.

நல்ல ரூபாயைக் கருங்கல்லில் சுண்டினால் இழுத்துப் பாடும். ஈயம் கலந்தது தொப்பென்று விழும். வார்த்த காசில் ராணியின் கன்னத்தில் ஊசி குத்தினாற்போல் குழிகள் இருக்கும். விளிம்பு வரியை அரத்தால் ராவியிருப்பார்கள்; ஒரு வரி நெருக்கம், ஒரு வரி அகலம். ஒரு தடவை மூன்று காசில் ராணியின் தாடைக்குக் கீழே ஒரே கீறல். மூன்று நல்ல காசு ஒரே இடத்தில் அடிபடுமா? மூன்றும் ஒரே வார்ப்பின் பிள்ளைகள்.

கள்ளக்காசை வெட்டித்தான் திருப்பிக் கொடுக்கவேண்டும். ஆட்கள் கோபத்தில் துண்டுகளை மேஜையிலேயே விட்டுப் போவார்கள். பாங்கியை நடத்தும் ஏஜெண்டு ஐயாவிடம் கேட்டு, மாதிரிக்காக அவற்றைச் சேர்த்துவைத்தேன். என் பெஞ்சாதி அக்கம்பக்கத்தில் சொல்லுவாள்: "ஊருல எல்லாரும் நல்ல காசு சேக்காவ. எங்க வீட்டுல கள்ளக்காசு சேக்காவ."

மிக்கேல் தண்டலின் ரூபாய்

தண்டல் என்றால் தோணியை நடத்திப் போகிறவர். மிக்கேல் தண்டல் கொழும்புக்கு ஓடுகிறவர், என் வயசுதான். ஒருநாள் மத்தியானம் கறுத்துப்போன ராணித்தலை ரூபாய் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

"அண்ணாச்சி, இது நல்லதா பொய்யான்னு பாத்துச் சொல்லும். எங்கய்யா தோணியில கெடந்த காசு. புதுத் தோணிக்குப் பாய்மரம் நட்டப்போறோம். அடியில வைக்கக் குடுத்தா, ஓடாவி கல்லுல போட்டுப் பாத்துட்டு, 'சத்தமே இல்லையே, பொய்க்காசு மேல மரம் நட்டமாட்டேன்'னு உக்காந்துட்டாரு."

ஓடாவி என்றால் தோணி கட்டும் தச்சர். மரம் நடுமுன் அடியில் வெள்ளிக்காசு வைப்பது இங்கே வழக்கம்.

"அதுக்கென்ன, வேற காசு வையும்."

"அது இல்ல அண்ணாச்சி. பழைய தோணியில எங்கய்யாவோட நாலு பேரு பங்கு. 'பங்காளிய ஏமாத்திப் பொய்க்காசு வச்சிருக்கான் உங்கப்பன்'னு கடக்கரையில பேசுதானுவ. செத்த மனுசன் வந்து பதில் சொல்லுவாரா?"

சுண்டினேன். தொப்பென்று விழுந்தது. மறுபடியும் சுண்டினேன். அதே சத்தம். விளிம்பும் தட்டையாக நசுங்கியிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், இது நம் சேகரத்துக்கு ஆகும் என்று அப்போதே மனசில் நினைத்துவிட்டேன். தராசு கையெட்டும் தூரத்தில் இருந்தது. எடுக்கவில்லை.

"பொய்தான் தண்டலே. வெட்டணும்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பொய்யின்னா வெட்டும்" என்றார்.

கத்தரி கால்வாசி இறங்கியது. உள்ளே ஈயத்தின் சாம்பல் நிறம் இல்லை, செம்பும் இல்லை. தேங்காய்ச் சில்லு மாதிரி வெள்ளை. என் கை நின்றுவிட்டது. தராசில் வைத்தேன். நல்ல ரூபாய் ஒரு தோலா எடை நிற்கும்; இதில் ஒரு நெல்லெடைதான் குறைவு.

"தண்டலே, தோணியில கெடந்ததுன்னீரே, எங்கன கெடந்தது? பெட்டியிலயா?"

"பெட்டியிலயா? பழைய பாய்மரத்துக்கு அடியிலவே! முப்பது வருசமா மரம் அது மேலதான் நின்னுச்சு. தோணியப் பிரிக்கையில எடுத்தேன்."

அத்தனை வருஷப் பாரத்தில் காசு நசுங்கி, மயிரிழையாக விரிசல் விட்டிருந்தது. விரிசல் விட்ட மணி பாடுமா? 'கெடந்த' என்று அவர் சொன்னதை, செலவுக்குப் போட்டுவைத்த காசு என்று நானாக எடுத்துக்கொண்டேன்.

என் சொந்த ரூபாயை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "உம்ம ரூவா நல்ல ரூவாதான். ஆனா அது எங்கய்யா ரூவா இல்லையே."

ஏஜெண்டு ஐயாவிடம் போய்ச் சொன்னேன். "மிஸ்டேக் உம்முது. போய்க் கடற்கரையிலேயே ஒத்துக்கிடும்" என்றார்.

சாயங்காலம் தராசோடு கடற்கரைக்குப் போனேன். மரம் கயிற்றில் தொங்கியது. பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். எல்லார் முன்னாலும் நிறுத்துக் காட்டினேன். "காசு சுத்த வெள்ளி. தப்பு என்னுது. இவங்க அய்யா யாரையும் ஏமாத்தலை" என்றேன். பேசினவர்கள் மணலைப் பார்த்தார்கள்.

ஓடாவி வெட்டு வாயை விரலால் தடவினார். "சராப்பு அண்ணாச்சி, எல்லாவனும் காசோட மூஞ்சியப் பாப்பான். நீரு வயித்தக் கிழிச்சுப் பாத்துட்டீரே!" என்று சிரித்தார்.

மிக்கேல் தண்டல் சிரிக்கவில்லை. "ஊனப்பட்ட காச வைக்கலாமா மேஸ்திரி?"

ஓடாவி காசை வெளிச்சத்தில் பிடித்தார். "முழுசா இருந்தா நாளைக்கு இன்னொருத்தன் சந்தேகப்படுவான். உள்ள வரைக்கும் வெள்ளின்னு வாயத் தொறந்து காட்டுதே, இத எவன் சொல்லுவான் பொய்யின்னு? வைங்க."

தண்டல் காசை என் கையில் கொடுத்தார். "வெட்டுன கையாலேயே வையும் அண்ணாச்சி."

அவர் மாதாவைக் கூப்பிட்டார். நான் முருகனைக் கூப்பிட்டேன். மரம் நடும் குழியில் ராணியின் முகம் மேலே தெரிய வைத்தேன். மரம் இறங்கி அதன்மேல் உட்கார்ந்தது.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுவேன். காது வேண்டும், தராசு வேண்டும், கத்தரியும் வேண்டும். ஆனால் காசைக் கல்லில் போடுவதற்கு முன்னால், கொண்டுவந்தவரை உட்காரவைத்து, "இது இத்தனை நாள் எங்கன இருந்தது?" என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கிறவரை காசைத் தொடாதீர்கள்.