வியாழக்கிழமை ஊதிய சங்கு

வசந்தாமணி அந்தக் கடலோர ஊருக்கு வந்து எட்டு மாதமாகியும் அடுத்தவர் வீட்டு வாசற்படியை ஒருமுறைகூட மிதித்ததில்லை. ஹூஸ்டனிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம். கணவன் சேனாபதிக்கு அங்கிருந்த கெமிக்கல் பிளான்ட்டில் இன்ஜினியர் வேலை. ஊரில் தமிழ் பேச அவர்கள் இரண்டு பேர்தான். நான்கு வயது தென்றலுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். கடல்கூட அலையில்லாமல் ஏரி மாதிரிக் கிடக்கும். கோபிச்செட்டிபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்வீட்டில் வளர்ந்தவளுக்கு அந்த அமைதி காதை அடைத்தது.

ஒவ்வொரு புதன்கிழமையும் பகல் பன்னிரண்டுக்கு பிளான்ட் சங்கு ஒரு நிமிடம் ஊதும். அது சும்மா சோதனை. வேறு நேரத்தில் ஊதினால் விஷவாயு கசிகிறது என்று அர்த்தம், கதவு ஜன்னலைச் சாத்தி, ஏசியை நிறுத்தி, இடுக்கிலெல்லாம் டேப் ஒட்டிவிட்டு உள்ளேயே இருக்க வேண்டும் என்று வந்த வாரமே சேனாபதி சொல்லியிருந்தான்.

1996 மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை, காலை பத்தேகாலுக்குச் சங்கு ஊத ஆரம்பித்தது. நிற்கவேயில்லை.

துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவள் எழுந்து ஓடி சேனாபதியின் நம்பரை அழுத்தினாள். எங்கேஜ்டு. மறுபடியும் எங்கேஜ்டு. தென்றலை விட்டிருந்த டேகேரை அழைத்தாள். "குழந்தைகள் எல்லாரும் உள்ளே பத்திரமாக இருக்கிறார்கள். நீங்கள் வராதீர்கள், வந்தாலும் கதவைத் திறக்க மாட்டோம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு டீச்சர் போனை வைத்துவிட்டாள்.

வராதே என்றால்? மூன்று மைல். ஆறு நிமிடம். வசந்தாமணி கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலைத் திறந்தாள். பிளீச்சிங் பவுடர் நெடி முகத்தில் அடித்தது.

எதிர்வீட்டுத் தோட்டத்தில் ஒரு வயதான அம்மாள் முட்டி போட்டுச் செடி நட்டுக்கொண்டிருந்தார். டோரிஸ். தபால்பெட்டியில் பேர் படித்த பழக்கம் மட்டும்தான். காது மந்தம். ஊரெல்லாம் கேட்க அலறுகிற சங்கு அவருக்குக் கேட்கவில்லை.

"ஆன்ட்டி! உள்ள போங்க, ஆன்ட்டி!"

திரும்பவில்லை. வசந்தாமணி ஒரு கணம் காரைப் பார்த்தாள். பிறகு தெருவைக் கடந்து ஓடினாள். பின்னாலிருந்து கையைப் பிடித்து இழுத்ததும் டோரிஸ் பயந்து உதறினார், கத்தினார். அதற்குள் நெடி அவருக்கும் ஏறி, இருமல் வந்துவிட்டது. வசந்தாமணி இடுப்பைச் சேர்த்துப் பிடித்துத் தூக்கி, அவர் வீட்டுக்குள்ளேயே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

இரண்டு பேரும் பாத்ரூமில் ஈரத்துண்டை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கதவிடுக்கில் டேப் ஒட்டி முடித்ததும் வசந்தாமணி அதையே பிய்க்கப் போய், அவர் காதருகே கத்தினாள்.

"என் மகள் டேகேரில் இருக்கிறாள், நான் போகணும்!"

டோரிஸ் அவள் மணிக்கட்டை விடவில்லை. இருமலுக்கு நடுவே சொன்னார்: "என் கணவர் அந்த பிளான்ட்டில் முப்பது வருஷம் இருந்தார். நீ பாதி வழிகூடப் போய்ச் சேர மாட்டாய்."

வசந்தாமணி தரையில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். அந்த அம்மாள் கையை எடுக்கவேயில்லை.

ஒன்றே முக்காலுக்குத்தான் ரேடியோவில் ஆபத்து நீங்கியதாக அறிவித்தார்கள். வெளியே வந்தபோது சேனாபதியின் கார் தெருமுனையில் திரும்பியது. இறங்கியவனுக்கு முகத்தில் ரத்தமேயில்லை.

"எங்க போன புள்ள? பத்து தடவ போன் பண்ணேன். நீ கார எடுத்துட்டுக் கிளம்பிட்டேன்னே நெனச்சேன்."

"கிளம்பத்தானுங்க பாத்தேன். மொதல்ல பாப்பாவப் பாக்கலாம், வாங்க."

டேகேரில் தென்றல் கையெல்லாம் க்ரேயான் பூசிக்கொண்டு, "அம்மா, வீ வாட்ச்டு டூ மூவீஸ்!" என்றாள்.

பிள்ளையைக் கூட்டி வரக் காரில் கிளம்பிய இரண்டு பெற்றோர் ஆஸ்பத்திரியில் கிடப்பதாக மறுநாள் பேப்பரில் வந்திருந்தது. படித்துவிட்டு வசந்தாமணி, "அந்தம்மா தோட்டத்துல இல்லைனா நானும் அங்கதானுங்க கிடந்திருப்பேன்" என்று ஒரே ஒரு முறை சொன்னாள்.

உடனே ஹூஸ்டனுக்குப் போய்விடத்தான் இருவருக்கும் ஆசை. ஆனால் வேலையை விட்டால் க்ரீன் கார்டுக்கு முதலிலிருந்து அப்ளை பண்ண வேண்டும். அதனால் இருந்தார்கள், புதன்கிழமைச் சங்குக்குக்கூட உடம்பு தூக்கிவாரிப்போட. டோரிஸுக்கு அன்றைக்குப் பிடித்த இருமல் சரியாகவில்லை. வாரம் ஒருநாள் அவரை டாக்டரிடம் கூட்டிப்போவது வசந்தாமணியின் வேலையாயிற்று. அந்தப் போக்குவரத்தில்தான் ஊரில் பத்துப் பேர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார்கள்.

1999 ஏப்ரலில் க்ரீன் கார்டு வந்தது. அடுத்த மாதமே ஹூஸ்டனுக்குச் சாமானை ஏற்றினார்கள். வண்டி கிளம்பும்போது டோரிஸ் வெளியே வரவில்லை. முதல் நாளே வந்து அழுது தீர்த்துவிட்டு, இனி அழ என்னிடம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.