பாவடிக்குச் சாமை தேடி

அது யுத்த காலம். நூல் வராமல் தறிகள் ஓய்ந்து கிடந்தன. சேலத்தில் எங்கள் தெருவார் எல்லோரும் பாவு நீட்டும் பொது இடமான பாவடி, ஆடு மேயும் பொட்டலாகிவிட்டது. அரிசிக்கும் பஞ்சம். சரி, பாவடியைக் கொத்திப் பயிர் வைப்போம் என்று தெருவே கிளம்பியது. கடையில் வாங்கி விதைத்த சாமை ஒன்றுகூட முளைக்கவில்லை. மிளகு விற்க வந்த மலைக்காரி செல்லாயிதான், "எங்கூருக்கு வாங்க, நல்ல வெதை தாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த மழைக்குள் விதைக்காவிட்டால் அந்த வருஷம் போச்சு.

தெருவார் என்னையும் எதிர்வீட்டு ருக்குமணியையும் அனுப்பினார்கள். தெருவின் தென்வரிசையில், எங்கள் தென்சாரிக்காரர்களுக்கு அவள்மேல் நம்பிக்கையில்லை. அவளுடைய வடசாரிக்காரர்களுக்கு என்மேல் இல்லை. குழாயடிச் சண்டைக்குப் பிறகு இரண்டு வருஷமாக எங்களுக்குள் பேச்சே கிடையாது. விதையிலும் பங்கு, நிலத்திலும் கயிறு கட்டிப் பங்கு என்று முடிவாகியிருந்ததால் ஆளுக்கொரு பை எடுத்துக்கொண்டோம்.

காலை ஆறு மணிக்குப் பஸ். பெட்ரோல் கிடைக்காத நாளாகையால் பின்னால் கரியடுப்பு கட்டிய வண்டி. நாமக்கல் வரை முப்பது மைல் சொச்சம். மேடு வந்தால் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். நான் தாகத்தில் இருமினேன். ருக்குமணியிடம் தண்ணீர்ச் செம்பு இருந்தது.

"ஏனுங்க டிரைவர், தண்ணி வேணும்னா வாங்கிக்கச் சொல்லுங்க" என்றாள்.

"வேண்டாம்னு சொல்லுங்க" என்றேன் நானும், டிரைவரிடமே.

"அம்மணிகளா, நான் வண்டி ஓட்டறதா, தூது போறதா?" என்றார் அவர். பஸ்ஸே சிரித்தது. எனக்கு வந்த கோபத்தில் தாகம் மறந்துபோயிற்று.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாக மாட்டுவண்டி. மலையடிவாரத்துக் காரவள்ளியில் ராத்தங்கல். முன்பே சொல்லியனுப்பியிருந்தபடி, விடிந்ததும் செல்லாயி வந்து அழைத்துப் போனாள். அப்போது மலைக்கு ரோடு ஏது? ஒற்றையடிப் பாதைதான். ஏற ஏற மூச்சு வாங்கியது. சோளக்காட்டை அடைந்தபோது உச்சிவேளை. அதற்கும் அப்பால் தேவனூர் நாடு என்கிற மலையூர்க் கூட்டத்தில் இருந்தது அவளுடைய ஊர். சூடான சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் போட்டாள். அந்தக் குழம்பின் ருசி, அடடா, இன்றைக்கும் நாக்கில் நிற்கிறது!

பிற்பகலில் ஊர்க் களத்துக்குப் போனோம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு முறம் விதை வந்து ஒரே குவியலில் விழுந்துகொண்டிருந்தது. அந்த ஊரில் விதைப்புக்கு முன் இதுதான் வழக்கமாம். பிறகு அந்தக் குவியலிலிருந்தே எல்லாக் காட்டுக்கும் விதை போகும். எந்த வீட்டு விதை எந்தக் காட்டில் முளைத்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஒருவர் காட்டில் பன்றி இறங்கினாலும் விரட்ட ஊரே ஓடுமாம்.

செல்லாயி கூடையில் அள்ளிக்கொண்டு வந்தாள். நானும் ருக்குமணியும் ஒரே நேரத்தில் பையை விரித்தோம். செல்லாயி கூடையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, ரெண்டு பை? பாவடி ஒண்ணுதானுங்களே?"

"ஊருக்குப் போனதும் பங்கு போடணும்" என்றேன்.

"பொது நெலத்துக்குன்னு கேட்டீங்க, ஊரே குடுத்துச்சு. பங்கு போடறதுக்குன்னா நாங்க குடுக்கறதில்லீங்க. ஒரே துணியில வாங்குங்க, கண்ணு. ஆளுக்கொரு தலைப்பப் புடிங்க."

களமே எங்களைப் பார்த்தது. கிழக்கே மழைக் கருக்கல் கட்டியிருந்தது. மலையேறி வந்தது வீண்தானா, வெறுங்கையோடு போய்த் தெருவார் முகத்தில் எப்படி விழிப்பது? ஆனாலும் நான் அசையவில்லை. அப்படியொரு வீம்பு!

ருக்குமணிதான் மூட்டையிலிருந்து மாற்றுப் புடவையை உருவி விரித்தாள். "புடி! என்ன பாத்துக்கிட்டு நிக்கறே? மழை வந்தா வெதை நனஞ்சிரும்" என்றாள்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு அதுதான். பிடித்தேன். விதை விழுந்த கனத்தில் புடவை தாழ, இருவரும் நெருங்கி நிற்க வேண்டியதாயிற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

விடிந்து மலை இறங்கும்போது மூட்டையை மாற்றி மாற்றிச் சுமந்தோம். வழியெல்லாம் ஓயாத பேச்சு. சண்டையில் யார்மேல் தப்பு என்பதையும் பேசினோம். அது மட்டும் தீரவில்லை.

அதற்கு மறுநாள் சாயங்காலம் தெருவில் நுழைந்தபோது இரண்டு சாரிக்காரர்களும் படியோடும் கயிற்றோடும் காத்திருந்தார்கள். ருக்குமணி மூட்டையைப் பாவடி நடுவில் இறக்கினாள். "எவனாச்சும் படியைக் கொண்டாந்து பாருங்க, அப்பறம் இருக்குது சேதி!" என்று ஒரு சத்தம் போட்டாள். கொண்டுவந்த கயிற்றைச் சுருட்டித் திண்ணையில் போட்டார்கள். அன்றைக்கே எல்லோருமாக இறங்கி விதைத்தோம். அந்த மழைக்குச் சாமை இடுப்புயரம் வந்தது.

இன்று பாவடி முழுக்க வீடுகள். ருக்குமணியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். தெருவில் ஏதாவது பெண்குரல் ஓங்கினால் போதும், கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவந்துவிடுகிறேன்.